சபை மாத இதழைத் தொகுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பங்கு இதழுக்கோ சபை மடலுக்கோ புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சந்திப்பிழை திருத்த உட்காருகிறார்கள். ஒரு வாரம் உழைத்துத் திருத்திய பிறகுதான் அந்தக் கட்டுரை வாட்ஸ்அப்பில் சுற்றிய பழைய செய்தி என்று தெரிகிறது. அல்லது படத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டார் 'எங்களைக் கேட்காமல் ஏன் போட்டீர்கள்' என்று வந்து நிற்கிறார்கள்.

கிறிஸ்தவ இதழ் தொகுப்பில் மொழி திருத்தம் ஐந்தாவது வேலை. அதற்கு முன் நான்கு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீணாகும். சில நேரம் ஆளுக்கே தீங்கு வரும். கீழே இருப்பது 24 பக்கமும் அட்டையும் கொண்ட மாத இதழுக்கான வரிசை. சிறிய மடலுக்கும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு விவிலியங்கள் வேண்டும்: 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்று, சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகள் பயன்படுத்தும் பழைய திருப்புதலான, அதாவது பழைய மொழிபெயர்ப்பான, பரிசுத்த வேதாகமம் ஒன்று. இரண்டும் அச்சுப் பிரதியாக இருக்கட்டும். கைபேசிச் செயலிகளில் எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லாமலே வசனம் காட்டுபவை உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம். வந்த ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரி: யார் கொடுத்தார், எந்தத் தேதி, தொலைபேசி எண், படத்தில் இருப்பவர் சம்மதம் உண்டா, எந்த மாத இதழுக்கு. குழுவில் மூன்று பேர் இருந்தால் மூன்று கைபேசிகளில் படைப்பு வரும். நோட்டு இல்லையென்றால் ஒரே கட்டுரை இரண்டு மாதம் அச்சாகும்.

ஒரே ஒரு ஏ4 தாளில் நடைக் குறிப்பு. அதை எப்படி எழுதுவது என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

மாத அட்டவணை. இதழ் 1ஆம் தேதி கைக்குப் போக வேண்டுமென்றால், முந்தைய மாதம் 10ஆம் தேதியோடு படைப்புகள் பெறுவதை நிறுத்துங்கள். 13க்குள் சரிபார்ப்பு, 17க்குள் மொழி, 18இல் வசனம், 21க்குள் பக்க அமைப்பு, 22இல் முதல் மெய்ப்பு (அச்சுக்கு முன் தாளில் பிழை பார்ப்பது), 24இல் இரண்டாம் மெய்ப்பு, 25இல் அச்சகம். டிசம்பர் இதழுக்கு எல்லாவற்றையும் ஐந்து நாள் முன்னே தள்ளுங்கள். நவம்பரில் அச்சகங்களில் நாள்காட்டியும் டைரியும் வரிசை கட்டி நிற்கும். மாத இதழைக் கடைசியில்தான் எடுப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் அறுவடை நடக்கும் மாதங்களில் கிராமங்களிலிருந்து செய்தியே வராது. அந்த மாதங்களுக்கான இரண்டு கட்டுரைகளைத் தவக்காலத்திலேயே வாங்கி வையுங்கள்.

2. இப்போது யார் படிக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள்

பழைய சந்தாப் பட்டியல் இதற்குப் போதாது. அதில் இருப்பவை முகவரிகள் மட்டும்தான். ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு ஒரே பங்கில் நான்கு வகை வாசகர்கள் இருக்கிறார்கள். ஊரில் தங்கிவிட்ட முதியவர்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் பண்டிகைக்கு மட்டும் திரும்புகிறவர்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, தமிழை நன்றாகப் பேசினாலும் மெதுவாக வாசிக்கும் பிள்ளைகள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள். சிப்காட் பக்கம் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்களையும் ஞாயிறு வழிபாட்டில் பார்க்கலாம்.

நான்கு வகையினருக்கும் எல்லாப் பக்கமும் பிடிக்க வேண்டும் என்று முயன்றால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. பக்கங்களைப் பிரியுங்கள். முதியவர்களுக்கான தியானம் 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில். இளையோர் பக்கத்தில் 250 சொல்லுக்கு மேல் எதுவும் வேண்டாம்; பத்தி மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது.

தெலுங்கு, கன்னடப் பக்கம் போட விரும்பினால் தனித் தாளாக இணைப்பது நல்லது. அந்த மொழியை வீட்டில் பேசுகிற ஒருவர் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போட்டால், 'எங்கள் மொழியை இவர்கள் மதிக்கவில்லை' என்றுதான் அந்தக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளும். சரியாகச் செய்ய ஆள் கிடைக்கும்வரை போடாமல் இருப்பதே மேல்.

முகவரிப் பட்டியலைக் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் புதுப்பியுங்கள். வெளியூர் போனவர்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவைதான்.

3. போடலாமா என்று முடிவு செய்யுங்கள்

வந்த படைப்பில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தும் முன் மூன்று கேள்விகள்: இது இவர் எழுதியதா? உண்மையா? இதனால் யாருக்காவது தீங்கு வருமா?

முதல் கேள்விக்கு, கட்டுரையின் நடுவிலிருந்து எட்டுச் சொல் கொண்ட ஒரு வரியை எடுத்து இணையத்தில் தேடுங்கள். முதல் வரியைத் தேடாதீர்கள். அனுப்புகிறவர் பெரும்பாலும் முதல் பத்தியை மட்டும் மாற்றியிருப்பார். ஏஐ கருவிகள் எழுதிய கட்டுரைகளும் இப்போது வருகின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது வசனம்தான். பாதி திருவிவிலியமும் பாதி பழைய திருப்புதலுமாகக் கலந்திருக்கும், அல்லது சொன்ன அதிகாரத்தில் அந்த வசனமே இருக்காது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மற்ற வசனங்கள் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள்.

பாடல்களுக்கும் இதே கேள்விதான். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்த பாடலுக்கு இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாராளமாக அச்சிடலாம். இன்றைய ஆராதனைப் பாடலை முழுதாகப் போடப் பாடலாசிரியரின் எழுத்து அனுமதி வேண்டும். 'தேவனுடைய ஊழியத்துக்குத்தானே' என்பது அனுமதி ஆகாது.

சாட்சிக் கட்டுரைகளில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

'மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். டாக்டர்கள் கைவிட்டார்கள். ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். இன்றுவரை நல்ல சுகம்.'

ஐந்து வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நான்காவது வாக்கியத்தைப் படித்துவிட்டு மலைக்கிராமத்தில் ஒரு பாட்டி இன்சுலினை நிறுத்தினால் அந்தப் பொறுப்பு ஆசிரியருடையது. உடனே எழுதியவரைத் தொலைபேசியில் அழையுங்கள். மாத்திரையை இப்போதும் எடுக்கவில்லையா? கடைசியாக இரத்தப் பரிசோதனை எப்போது? கைவிட்டதாகச் சொன்ன மருத்துவர் உண்மையில் என்ன சொன்னார்? பெரும்பாலும், ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு மகன் வற்புறுத்தித் திரும்ப எடுத்துக்கொண்ட கதை வெளியே வரும். அதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள்:

'மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்கிறேன். மனம் தளர்ந்திருந்த நாளில் ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். அன்று பயம் விலகியது. இடையில் மாத்திரையை நிறுத்தியது தவறு. இப்போது மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறேன்.'

கவனியுங்கள்: அவர் சொல்லாததை நீங்கள் சேர்க்க உரிமை இல்லை. மாத்திரையை இன்னும் எடுக்கவில்லை என்று சொன்னால், நல்ல வார்த்தை சொல்லி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், சாட்சியை நிறுத்திவையுங்கள். திருத்தியதை அச்சுக்கு முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். விசுவாசத்தைத் தணிக்கை செய்வதாகச் சிலர் வருந்துவார்கள். அவர்களுக்கும் பொறுமையாகக் காரணம் சொல்லுங்கள். ஜெபத்தை ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. ஆபத்தான பகுதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

பிற சமயத்தாரைப் பற்றிய வரிகளுக்கும் இங்கேயே முடிவெடுங்கள். 'இருளில் இருந்த குடும்பம்', 'விக்கிரகத்துக்கு அடிமைப்பட்டவர்கள்' போன்ற தொடர்கள் முன்பு சபைக்குள்ளேயே தங்கின. இன்று ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப அரை நிமிடம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படித்துவிடுவார். சமய உணர்வைப் புண்படுத்துவது குறித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் நீக்க வேண்டியதில்லை. நம்மோடு ஒரே கிணற்றில் நீர் இறைக்கிறவர் படித்தால் என்ன நினைப்பார் என்பதே சரியான அளவுகோல்.

4. சம்மதம் வாங்குங்கள், அடையாளத்தை மறையுங்கள்

பெரியவர்களின் திருமுழுக்குப் படத்தை எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். வழிபாட்டுக்கு வந்தவர்கள் பார்த்தது வேறு, அச்சில் வருவது வேறு. வீட்டிலும் வேலையிடத்திலும் ஊரிலும் அதன் விளைவைத் தாங்கப் போகிறவர் அவர்தான். சம்மதத்தில் இரண்டைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அச்சு இதழில் போடலாமா, கைபேசிப் பதிப்பில் போடலாமா. முதலாவதற்கு ஒப்பியவர் இரண்டாவதற்கு ஒப்பாமல் இருக்கலாம்.

குழந்தைத் திருமணம், பாலியல் கொடுமை, விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளை பற்றிய கட்டுரை என்றால் சம்மதம் வாங்கினாலும் போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கின்றன. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் நீங்கள் வெளியிட முடியாது.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. 'அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமம், ஒன்பதாம் வகுப்பு, அப்பா பெங்களூரில் கட்டட வேலை' என்று மூன்று விவரம் கொடுத்தால் அந்த ஊரில் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஊர், வகுப்பு, பெற்றோர் தொழில் மூன்றையும் எடுங்கள். 'நம் மாவட்டத்தில் ஒரு சிறுமி' என்பதே போதும். கட்டுரையின் வலிமை குறையாது.

5. இப்போது மொழி

நடைக் குறிப்புத் தாளில் முதல் வரி: எந்தச் சொல்வழக்கு. கத்தோலிக்க இதழ் என்றால் ஆண்டவர், திருமுழுக்கு, அருள்பணியாளர், தூய ஆவியார். சீர்திருத்தச் சபை என்றால் கர்த்தர், ஞானஸ்நானம், போதகர் அல்லது ஆயர், பரிசுத்த ஆவியானவர். நம் பகுதியில் ஒரே வீட்டில் மாமியார் பூசைக்கும் மருமகள் ஆராதனைக்கும் போவதுண்டு. கட்டுரைகளும் கலந்தே வரும். ஒரு கட்டுரைக்குள் இரண்டு வழக்கும் வரக் கூடாது. ஆனால் எழுதியவரின் சபை வழக்கை உங்கள் சபை வழக்காக மாற்றும்போது அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். 'ஞானஸ்நானம்' என்ற சொல்லில் அவருக்கு ஒரு நம்பிக்கையே அடங்கியிருக்கலாம்.

இரண்டாவது வரி: பழைய பெயர்கள். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று முதியவர்கள் எழுதுவதை இளையவர்கள் பேதுரு, பவுல், யோவான் என்றுதான் அறிவார்கள். முதல் முறை வரும்போது 'பேதுரு என்னும் இராயப்பர்' என்று எழுதி, பிறகு ஒன்றையே தொடருங்கள். சூசை, இராயப்பன் என்பது ஒருவரின் சொந்தப் பெயர் என்றால் தொடவே கூடாது.

மூன்றாவது: மனிதரைக் குறிக்கும் சொற்கள். குருடன், முடவன், குஷ்டரோகி என்பவை கட்டுரையில் பார்வையற்றவர், நடக்க இயலாதவர், தொழுநோயாளர் ஆகட்டும். பெண்களுக்கு 'அவர்'. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வசனத்தில் இந்த மாற்றம் எதையும் செய்யக் கூடாது. மொழிபெயர்ப்பைத் திருத்துவது உங்கள் வேலை அன்று. 'புறஜாதியார்' என்ற சொல்லை இன்றைய இளைஞர் சாதி என்றே படிக்கிறார். வசனத்தை விட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் 'யூதர் அல்லாத மக்கள்' என்று விளக்குங்கள்.

குரலில் சொல்லித் தட்டச்சு செய்த படைப்புகள் தனி வகை. ல, ள, ழ குழம்பும். ன, ண குழம்பும். ர, ற குழம்பும். 'இயேசுவே வழி' என்பது 'இயேசுவே வலி' என்று வந்து நிற்கும். 'மனம் திரும்புதல்' 'மணம் திரும்புதல்' ஆகும். இவை எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இவற்றைப் பிடிக்காது. குரல் பதிவை ஓடவிட்டுக்கொண்டே வரிவரியாகப் பார்ப்பதுதான் வழி.

ஊர்ப் பெயர்களில் தருமபுரி, ஓசூர் என்று ஒரே வடிவம்.

6. வசனங்களை ஒரே மூச்சில் சரிபாருங்கள்

வசனத்தை மொழியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். நடையைக் கவனிக்கும் கண் எண்ணைத் தவறவிடும். எல்லாக் கட்டுரைகளும் முடிந்தபின், வசனங்களை மட்டும் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். மனப்பாடத்தை நம்பாதீர்கள், நன்றாகத் தெரிந்த வசனங்களில்தான் பிழை தங்கும்.

மூன்று விஷயம்: சொற்கள், அதிகார எண் வசன எண், நூலின் பெயர். திருப்பாடல் 23 திருவிவிலியத்தில் 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்று தொடங்குகிறது. பழைய திருப்புதலில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'. முதல் பாதியை ஒன்றிலிருந்தும் மறுபாதியை மற்றதிலிருந்தும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

நூல் பெயரும் மொழிபெயர்ப்போடு மாறும். தொடக்க நூல், விடுதலைப் பயணம், இணைச் சட்டம், திருப்பாடல்கள், சபை உரையாளர், திருத்தூதர் பணிகள் என்பவை ஒரு பக்கம். ஆதியாகமம், யாத்திராகமம், உபாகமம், சங்கீதம், பிரசங்கி, அப்போஸ்தலர் நடபடிகள் மறுபக்கம். வசனம் பழைய திருப்புதல், கீழே 'திருப்பாடல்' என்று குறிப்பு இருந்தால் தேடுகிறவர் திண்டாடுவார். சீராக், தோபித்து போன்றவை சீர்திருத்தச் சபைகளின் 66 நூல் விவிலியத்தில் இல்லை. கலப்பு வாசகருக்கான கட்டுரையில் இவற்றை மேற்கோள் காட்டினால் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

7. எழுத்துருவும் பக்கமும்

பழைய கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றியதும் ஔகாரத்தைப் பாருங்கள். 'மௌனம்', 'கௌரவம்' என்பவை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக 'மெளனம்', 'கெளரவம்' என்று வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கைபேசியில் தேடினால் கிடைக்காது. இதை மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். 'வெளிச்சம்', 'வெள்ளிக்கிழமை' எல்லாம் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழ் போடும்போது பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

12 புள்ளி எழுத்துக்கு வரி இடைவெளி 16 அல்லது 17 வையுங்கள். மேலே சுழியும் கீழே காலும் வரும் எழுத்துகள் தமிழில் அதிகம். நெருக்கினால் முதியவர்கள் வரி தவறிப் படிப்பார்கள். நடுவில் கம்பிப் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 25ஆம் பக்கத்துக்கு ஒரு பத்தி வழிந்தால் வெட்டுங்கள். அதற்காக எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

முகப்புக் குறிப்பைப் பழைய இதழிலிருந்து அப்படியே எடுத்துப் போடும் வழக்கம் உண்டு. பருவ இதழ் பதிவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்துவிட்டது. உங்கள் இதழின் பதிவு விவரத்தையும் வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

8. மெய்ப்பு

முதல் மெய்ப்பில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளைப் பார்க்க வேண்டும். கட்டுரையைத் திருத்தியவரே பார்த்தால் இருக்க வேண்டியதைத்தான் பார்ப்பார், இருப்பதைப் பார்க்க மாட்டார். இரண்டாம் மெய்ப்பில் தலைப்பு, படக்குறிப்பு, எண், பெயர் மட்டும்.

நினைவஞ்சலிப் பக்கத்தை கடைசியாக, தனியாகப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, வயது, இறந்த தேதி. தேதியோடு கிழமை போட்டிருந்தால் நாள்காட்டியில் ஒத்துப் பாருங்கள். அந்தக் குடும்பம் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டும். மற்ற எந்தப் பக்கத்தின் பிழையும் இந்த அளவு வலிக்காது.

அச்சகத்துக்கு அனுப்புகிற பி.டி.எஃப். கோப்பையே திறந்து இறுதியாகப் பார்க்க வேண்டும். மாற்றும்போது எழுத்துரு விட்டுப்போவது அங்கேதான் தெரியும்.

9. கைபேசிப் பதிப்பு

அச்சு இதழின் பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கைபேசியில் இரண்டு நெடுவரிசையாக அமைந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க யாருக்கும் பொறுமை இராது. தியானத்தையும் இளையோர் பக்கத்தையும் மட்டும் தனித்தனியே வெறும் உரையாக அனுப்புங்கள். திருவிழா நேரம், கூட்ட அறிவிப்பு போன்றவை கைபேசியில் முன்பே போய்விடும்; அவற்றை அச்சில் மறுபடி போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். அந்த இடத்தில் திருவிழாவில் சொன்ன மறையுரையின் சாரத்தைப் போடுங்கள்.

கைபேசிப் பதிப்புக்குச் சம்மதிக்காதவர்களின் படங்களை எடுத்துவிட்டீர்களா என்று நோட்டைத் திறந்து ஒருமுறை பார்த்த பிறகே அனுப்புங்கள். ஒருமுறை போனால் திரும்ப எடுக்க முடியாது.

10. அச்சான பிறகு

பிழை தெரிந்தால் அடுத்த இதழில், பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒளிக்காதீர்கள். பெயர் தவறினால் அச்சு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இரண்டு அச்சுப் பிரதிகளைப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள். யூனிகோடு உரைக்கோப்பையும் பி.டி.எஃப். கோப்பையும் ஆண்டு, மாதம் என்ற வரிசையில் பெயரிட்டுக் குழுவின் பொதுக் கணக்கில் சேமியுங்கள். தட்டச்சு செய்தவரின் சொந்தக் கணினியில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போகிற நாளில் இதழும் அவரோடு போய்விடும்.